எங்கள் வீட்டுப் பள்ளியில் நான் வாட்ச்மேன்

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, தினமும் காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரத்துக்குச் சரியாக அவளுக்கு வயிறு வலிக்கும். தெருமுனையில் ஹாரன் கேட்டதும் வலி அதிகமாகும். வேன் போன சிறிது நேரத்தில் குறைந்துவிடும். அப்புறம் இன்னும் இரண்டு இட்லி கேட்பாள். தாம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணும் இல்ல சார். எல்லாம் ஸ்கூல்லதான் இருக்கு" என்றார்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்குப் பாரிமுனையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. காலையில் சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மின்சார ரயில் பிடித்தால், வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும். மனைவி பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பையன் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாப்பாவ ஒரு மாசம் வீட்லயே வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். குழந்தைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து, சரி என்றேன். அடுத்த வாரம் நூலகத்திலிருந்து அவள் ஒரு பை நிறையப் புத்தகம் சுமந்து வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஒரு மாதம் ஆறு வருஷம் ஓடியது.

முதலில் விசாரித்தவர் வேன் டிரைவர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வண்டியை எங்கள் கேட்டில் நிறுத்தினார்.

"இன்னா சார், பாப்பா வர்றதே இல்ல? வேன்ல எதுனா பிரச்சனையா? ஜன்னல் சீட்டு வோணும்னா குட்த்துடலாம் சார்."

"அதெல்லாம் இல்லப்பா. வீட்லயே படிக்கிறா."

"வூட்லயா?" என்று யோசித்தார். "அப்ப நீங்க எல்லாரும் எங்க சார் போவீங்க?"

அவராவது நேரடியாகக் கேட்டார். எதிர் வீட்டுப் பெரியவர் அப்படி இல்லை. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, ஷூ போட்டுக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு இன்னிக்கு லீவா சார்?" என்பார். முதல் நாள் காய்ச்சல் என்றேன். பிறகு சொந்தத்தில் ஒரு விசேஷம். அப்புறம் ஸ்கூலில் பெயின்ட் அடிக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, கரஸ்பாண்டென்ட்டின் மாமனார் தவறிவிட்டார். ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "நீங்க சொல்ற பொய்யெல்லாம் சேத்துப் பாத்தா, அந்த ஸ்கூல் இந்நேரம் இடிஞ்சு விழுந்திருக்கணும்" என்றாள். அன்றைக்கே தெருவைக் கடந்து போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினாராம். பிறகு, "இதுக்கு ஜி.ஓ. இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

அதற்குப் பிறகு எங்கள் குழந்தைகள் கண்ணில் பட்டால் போதும், அவர் பரீட்சை வைக்க ஆரம்பித்தார். பாலுக்குப் போனால் ஆஸ்திரேலியாவின் தலைநகர். பந்து எடுக்கப் போனால் வாய்ப்பாடு. ஒரு நாள் மகளிடம், "பதிமூணு பதினாலு எவ்வளவு, சொல்லு பாப்போம்" என்றிருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?" என்று இவள் அக்கறையாகக் கேட்டிருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்."

"தெரிஞ்சதை ஏன் கேக்கறீங்க? தெரியாதது ஏதாவது இருந்தா கேளுங்க, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் நான் திரும்பும்போது அவர் கேட்டில் காத்திருந்தார். "உங்க பொண்ணு நல்லாப் பேசறா சார்" என்றார். எங்கள் தெருவில் அது பாராட்டு அல்ல.

வெளியே இப்படி இருக்க, உள்ளே வேறு விதமான சிக்கல். என் மனைவிக்கு ஒரு கொள்கை இருந்தது. மணி அடித்துப் பாடம் மாற்றுவது, வரிசையில் நிற்க வைப்பது, யூனிஃபார்ம், ரேங்க் கார்டு எல்லாம் குழந்தையின் ஆர்வத்தைக் கெடுக்கின்றன என்று நம்பினாள். டீச்சராக ஆறு வருஷம் அதையெல்லாம் செய்து அலுத்தவள் அவள். தோசையைக் கிழித்துப் பின்னம் சொல்லிக் கொடுப்பாள். தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனால் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். அது அறிவியல். மிச்ச நேரத்தில் குழந்தைகள் தங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் படிக்கலாம்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மகள் வந்து கேட்டாள். "அம்மா, இது என்ன பீரியடு?"

"பீரியடு எல்லாம் கிடையாதுடா கண்ணா. உனக்கு என்ன தோணுதோ அது."

"எனக்குப் பீரியடு வேணும்னு தோணுது."

மனைவியின் கொள்கைப்படி இதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. ஸ்கூல் என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்த பெண், ஒரே வாரத்தில் எங்கள் ஹாலில் ஒரு ஸ்கூலைத் திறந்துவிட்டாள். தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினால் மணி. வாஷிங் மெஷின் பக்கத்தில் பிரேயர். தன்னை ஹெச்.எம். ஆக்கிக்கொண்டாள். அம்மாவை மிஸ் ஆக்கினாள். இன்னும் சரியாகக் கால்சட்டை போடத் தெரியாத தம்பி, மாணவர்கள் என்ற மொத்தக் கூட்டமும் ஆனான். என்னிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் திணறினாள்.

"உங்களுக்கு என்னப்பா தெரியும்?"

"இன்ஷூரன்ஸ்."

"அது எங்களுக்குப் போர்ஷன்ல இல்ல." சிறிது யோசித்தாள். "நீங்க ஏழு மணிக்குத்தானே வர்றீங்க? அப்ப ஸ்கூல் மூடியிருக்கும். நீங்க வாட்ச்மேன்."

பதவியை ஏற்றுக்கொண்டேன். ஆபீஸ் கிளம்பும் முன் கேட்டைத் திறந்து வைப்பதும், திரும்பி வந்ததும் கேட்டைப் பூட்டுவதும் என் வேலை. நடுவில் ஒரு முறை பதவி உயர்வு கேட்டுப் பார்த்தேன். யோசித்துச் சொல்வதாக ஹெச்.எம். சொன்னாள். இன்றுவரை சொல்லவில்லை.

தம்பிக்கு நான்கு வயது முடிந்ததும் அவனும் ஒழுங்காக உட்கார வேண்டியதாயிற்று. லீவு என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் கால் வலி என்று லீவு எடுத்தான். அன்று சாயங்காலம் என்னிடம் மெதுவாகப் புகார் செய்தான். "லீவு போட்டாலும் மிஸ் வீட்டுக்குள்ளயே இருக்காங்கப்பா."

தெருவில் மற்ற வீட்டுப் பெற்றோர்கள் எல்லாம் சனிக்கிழமை டீச்சரைப் பார்க்கப் பி.டி.எம்முக்குப் போவதைப் பார்த்த மகள், எங்களுக்கும் அது வேண்டும் என்றாள். நான் வாசலுக்குப் போய், காலிங் பெல் அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். டைனிங் டேபிளுக்கு அந்தப் பக்கம் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். ஆனால் அவளுக்குள் இருந்த டீச்சர் மூன்றாவது வாக்கியத்திலேயே வெளியே வந்துவிட்டாள்.

"உங்க பொண்ணு மேத்ஸ் நல்லாப் பண்றா. கையெழுத்துதான் மோசம். பையன் வாய்ப்பாடு சொல்லச் சொன்னா உடனே பாத்ரூம் போறான்."

"வீட்ல யாரும் கவனிக்கறதில்லையா மிஸ்?" என்று கவலையோடு கேட்டேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அம்மா நல்லாத்தான் கவனிக்கறாங்க. அப்பாதான் வந்ததும் டிவி முன்னாடி உக்காந்துடறாராம்."

"யார் சொன்னா?"

"பசங்களே சொல்றாங்க."

"நான் அவர்கிட்ட பேசறேன் மிஸ்."

"பேசுங்க. மோட்டார் ரிப்பேராகி எத்தனை நாளாச்சுன்னும் கேளுங்க. அவர் தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு என்ன செய்யப் போறார்னும் கேளுங்க."

"அதை ஏன் இப்ப இழுக்கற?"

ஹெச்.எம். தாம்பாளத்தைத் தட்டினாள். "ரெண்டு பேரும் வீட்டு விஷயம் பேசக் கூடாது. நேரம் முடிஞ்சுது" என்று மீட்டிங்கைக் கலைத்துவிட்டாள். மறுநாள் மோட்டாருக்கு ஆள் கூட்டி வந்தேன்.

அதற்கடுத்து யூனிஃபார்ம். இதில் மட்டும் மனைவி ரொம்ப நாள் விட்டுக்கொடுக்காமல் இருந்தாள். குழந்தைகள் இருவரும் சேர்ந்து கேட்டுக் கேட்டு அவளைக் கரைத்துவிட்டார்கள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில் மெரூன் கட்டம் போட்ட துணி எடுத்தோம். "இந்தக் கட்டம் நல்லாப் போகுது மேடம்" என்று கடைக்காரர் சொன்னார். எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

யூனிஃபார்ம் வந்ததும் எக்ஸ்கர்ஷன் போகாமல் முடியுமா? வண்டலூர் ஜூவுக்குப் போவதென்று முடிவானது. ஆபீஸில் மேனேஜரிடம், பிள்ளைகள் ஸ்கூலில் எக்ஸ்கர்ஷன், லீவு வேண்டும் என்றேன். "அதுக்கு நீ எதுக்குய்யா?" என்றார். வாட்ச்மேன் இல்லாமல் போக மாட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. லீவு வாங்கிக்கொண்டு கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், கேட் பூட்டியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஜூவுக்கு விடுமுறை. "புலிக்குக்கூட வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கு" என்று மகள் மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். கொண்டுபோன புளியோதரையை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி போனோம். கசங்காத மெரூன் கட்டத்தில் இரண்டு குழந்தைகளும், அவர்களுக்குப் பின்னால் பையும் தண்ணீர் பாட்டிலுமாக நானும். வெள்ளைப் புலி இருக்கும் இடத்தில் நல்ல கூட்டம். நான் குழாயைத் தேடிப் பாட்டிலை நிரப்பப் போனேன். மனைவி அங்கிருந்த பலகையில் எழுதியிருந்ததை மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது பையன் இல்லை.

"உன்கூட இல்லையா?"

"உங்ககூட வரலையா?"

நான் ஒரு பக்கம் ஓடினேன், அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஓடினாள். கொஞ்ச தூரத்தில் மெரூன் கட்டச் சட்டை தெரிந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு பையன். அதற்கு அப்பால் இன்னொரு மெரூன் கட்டம். அதுவும் வேறு பையன். நிமிர்ந்து பார்த்தேன். குரங்குக் கூண்டு வரைக்கும் பாதை முழுக்க மெரூன் கட்டமாக இருந்தது. அதே துணியில், அதே தையலில், ஒரு பள்ளிக்கூடமே எக்ஸ்கர்ஷன் வந்திருந்தது. இத்தனை பேரில் நம் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மனைவி முகம் வெளுத்துப்போய் எதிரே வந்தாள். மகள் மட்டும் பதற்றப்படவில்லை. "அவன் லைன்லதான்ப்பா இருப்பான். லைன் எங்க முடியுதுன்னு பாருங்க" என்றாள்.

வரிசை ஒரு பெரிய மரத்தடியில் முடிந்தது. குழந்தைகளை அங்கே வட்டமாக உட்கார வைத்து, டிபன் டப்பாவைத் திறக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பையன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ கொடுத்த பேப்பர் தட்டில் தயிர் சாதம், மேலே உருளைக்கிழங்கு சிப்ஸ். புலியைப் பார்த்துக்கொண்டு நின்றவனை, "இங்க என்னடா பண்ற, லைன்ல போ" என்று ஒரு டீச்சர் முதுகில் தட்டித் தள்ளியிருக்கிறார். பிறந்ததிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வரிசை பார்த்திராதவன், சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்துகொண்டான்.

நாங்கள் நெருங்கியபோது, கழுத்தில் விசில் தொங்கிய ஒரு இளம் டீச்சர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். புடவை வியர்வையில் நனைந்திருந்தது. "மறுபடியும் ஒண்ணு அதிகமா வருது மிஸ்" என்றார்.

"குறைஞ்சாதான் பிரச்சனை. அதிகமா இருந்தா விடுங்க" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மூத்த டீச்சர் சொன்னார்.

இளம் டீச்சர் விடவில்லை. அறிமுகம் இல்லாத முகத்தைக் கண்டுபிடித்து, எங்கள் பையன் முன்னால் குனிந்தார். "நீ எந்த செக்‌ஷன்டா?"

"எங்க ஸ்கூல்ல ரெண்டு பேர்தான் மிஸ்."

"உங்க மிஸ் யாரு?"

"அம்மா."

"ஹெச்.எம்.?"

"அக்கா."

"அப்பா என்ன பண்றாரு?"

"வாட்ச்மேன் மிஸ்."

அந்த நேரத்தில்தான் நான் மூச்சு வாங்க அங்கே போய் நின்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் இளகியது. "வேலைக்கு நடுவுல பசங்களை வெளிய கூட்டிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப நல்லது சார். ஆனா கையப் புடிச்சுக்கணும்" என்றார். நான் இன்ஷூரன்ஸ் பற்றி எதுவும் சொல்லாமல் தலையாட்டினேன்.

மனைவி பையனை அள்ளி எடுத்து, முதுகில் ஒன்று வைத்து, உடனே கட்டிக்கொண்டாள். பிறகு, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னாள்: வீட்டிலேயே படிக்க வைப்பது, துணி வாங்கியது, தானும் முன்பு டீச்சராக இருந்தது. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"மொத்தமே ரெண்டு பேரா மேடம்?"

"ரெண்டு பேர்தான்."

"எக்ஸாம் பேப்பர் திருத்தறது?"

"பால் பொங்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

டீச்சர் திரும்பித் தன் வட்டத்தைப் பார்த்தார். ஒருவன் இன்னொருவன் தலையில் தயிர் சாதம் வைத்துக்கொண்டிருந்தான். "உங்க ஸ்கூல்ல வேகன்சி இருந்தா சொல்லுங்க மேடம்" என்று கிட்டத்தட்ட நிஜமாகவே சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு ஓடினார்.

இந்தக் கலவரத்தில் மகளை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் வட்டத்தின் ஓரத்தில் தன் வயதுப் பெண்கள் நான்கு பேருக்கு நடுவே உட்கார்ந்து, இந்த முறையும் நாங்கள் கொண்டுபோயிருந்த புளியோதரையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறப் போன பிறகுதான் எழுந்தாள். திரும்பும் வழியில் பையன் வாய் ஓயவில்லை. "அந்த ஸ்கூல் சூப்பர்ப்பா. படிக்கவே வேணாம், நடக்கணும், சாப்பிடணும், அவ்ளோதான்." மகள் ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்களில் ஒருத்தி, பெஞ்சில் தன் பக்கத்தில் யார் உட்கார்வது என்று தினமும் சண்டை வரும் என்று சொன்னாளாம். அதை மட்டும் எங்களிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அதற்குப் பிறகும் எங்கள் ஸ்கூல் நன்றாகத்தான் நடந்தது. மே மாத விடுமுறையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மொட்டை மாடியில்தான் கிடப்பார்கள். எதிர் வீட்டுப் பெரியவரின் பேரன் பெங்களூரிலிருந்து வரும்போது, "உங்க ஸ்கூல்ல ரெண்டு வாரம் சேத்துக்க முடியுமாம்மா?" என்று அவரே வந்து ஹெச்.எம்மிடம் கேட்டார். பேரனுக்குப் பதிமூன்று பதினாலு தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் சேர்த்துக்கொண்டாள்.

மகளுக்குப் பதிமூன்று வயது ஆனபோது, சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்று, "எட்டாவது நான் ஸ்கூல்ல படிக்கட்டுமா?" என்று கேட்டாள். மனைவி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "சரிடா" என்றாள். அன்றைக்குச் சப்பாத்தி எல்லாம் ஏதேதோ வடிவத்தில் வந்தன. சாப்பிட்டு முடித்த பிறகு பாத்திரம் தேய்த்தபடியே என்னிடம் கேட்டாள்.

"நம்ம ஸ்கூல்ல என்னங்க குறை?"

"பெஞ்சு இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஜூன் மாதத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் சேர்ந்தாள். நுழைவுத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண். கையெழுத்துக்காக ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள். அதை மனைவி என்னிடம் காட்டி, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நான் அதற்காகவே அரை நாள் லீவு போட்டிருந்தேன். மகள் வந்து பையை இறக்கி வைத்தாள்.

"எப்படி இருந்துது?" என்றாள் மனைவி, முடிந்தவரை சாதாரணமாக.

"பரவால்லம்மா. அவங்களும் ட்ரை பண்றாங்க."

இரண்டு மூன்று நாள் கழித்து, நான் கேட்டைப் பூட்டும்போது பையன் பக்கத்தில் வந்து நின்றான்.

"இனிமே நம்ம ஸ்கூல்ல நான் மட்டும்தானாப்பா?"

"ஆமாடா. ராஜா மாதிரி இருக்கலாம்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அம்மா என்னை மட்டும்தான் பாத்துட்டு இருப்பாங்களா?"

"ஆமா."

அவன் சிறிது நேரம் உள்ளே எட்டிப் பார்த்தான். மனைவி டைனிங் டேபிளில் கண்ணாடி போட்டுக்கொண்டு, மறுநாளுக்காக அவனுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா ஸ்கூல்ல எனக்கு சீட் கிடைக்குமாப்பா?" என்று அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.